பதினான்காம் பிளாக்கில் நுரைத்த மண்

1. ஆசிட் புட்டிக்கு வேலை வந்தது

நான் லேபில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் மேசை ஓரத்தில் இருந்த அந்த ஆசிட் புட்டிக்கு வேலையே இருந்ததில்லை. ரப்பர் மூடியும் கண்ணாடிக் குழாயும் வைத்த சின்னப் புட்டி. உள்ளே நீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஒவ்வொரு மண் சாம்பிளிலும் இரண்டு சொட்டு விட வேண்டும். நுரைக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிவத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டும். பேராக் எஸ்டேட் மண்ணில் என்ன நுரைக்கப் போகிறது? சில நாள் நான் சொட்டு விடாமலேயே 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். ரிட்டயர் ஆகிவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஈப்போ பழைய டவுனில் கீழே சைக்கிள் கடை, மேலே எங்கள் லேப். எஸ்டேட்டுகள் கூப்பிட்டால் போய் மண் எடுத்து வருவோம். என்ன உரம் போடலாம், பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்யலாமா என்றெல்லாம் சோதித்து எழுதிக் கொடுப்போம். வேன் ஓட்ட தாஸ் அண்ணன், மண் எடுக்கவும் அரைக்கவும் சோதிக்கவும் நான் ஒருத்தி, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட டேவிட் சார். அவ்வளவுதான் எங்கள் படை.

அந்த வியாழக்கிழமை காலை கோப்பெங் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் பதினான்காம் பிளாக் மண் தட்டில் இருந்தது. மொத்தம் இருபது இடத்து மண். நல்ல பிள்ளையாக முதல் சாம்பிளில் இரண்டு சொட்டு விட்டேன்.

புஸ்ஸென்று நுரைத்தது.

தட்டில் சோப்பு ஒட்டியிருக்கும் என்று நினைத்து, வேறு தட்டைக் கழுவித் துடைத்து மறுபடி விட்டேன். மறுபடியும் நுரை. இரண்டாவது சாம்பிள், மூன்றாவது சாம்பிள் என்று இருபதிலும் விட்டுப் பார்த்தேன். இருபதும் நுரைத்தன. பிஎச் மீட்டரைப் போட்டால் எட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நம் ஊர் ரப்பர் மண் நாலரையைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

"சார்!" என்று கத்தினேன். டேவிட் சார் வாயில் பேனாவோடு ஓடி வந்தார்.

2. டேவிட் சாரும் வறண்ட பூமியும்

சாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. சார் தைப்பிங்காரர். மழை எத்தனை மணிக்குப் பிடிக்கும் என்று ஆட்கள் பந்தயம் கட்டுகிற ஊர் அது. அங்கே பிறந்து குடையோடு வளர்ந்த மனுஷர், மேல்படிப்புக்குக் கடல் கடந்து போய்ச் சேர்ந்த இடமோ வருஷத்தில் பத்து மழை பெய்தால் அதிகம் என்கிற வறண்ட பூமி. நான்கு வருஷம் அங்கே சுண்ணாம்பு நிறைந்த மண்ணை மட்டும் படித்துவிட்டுத் திரும்பினார். திரும்பிய நாளிலிருந்து அவர் படித்த மண் ஒரு பிடி கூட அவர் கண்ணில் படவில்லை. இங்கே எல்லாச் சுண்ணாம்பையும் மழை கரைத்துக் கொண்டு போய்விடுகிறது.

அதனால் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் பாடம் எடுப்பார்.

"அங்க மழ கொஞ்சந்தான் பேயும் பரமேஸ். அந்தத் தண்ணி மேல் மண்ணுல இருக்குற சுண்ணாம்பக் கரச்சிக்கிட்டு கீழ போகும். ரொம்ப தூரம் போக முடியாதுலா. ஒரு ரெண்டு அடி போனதும் காஞ்சிரும். காஞ்ச எடத்துல சுண்ணாம்பு தங்கிரும். மொதல்ல வெள்ள நூல் நூலா இருக்கும். அப்புறம் பட்டாணி மாதிரி உருண்ட. ரொம்ப வருஷமானா சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாப் போயிரும். மண்வெட்டி போட்டா டங்குங்கும்!"

இதை அவர் காதலியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். தாஸ் அண்ணன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "அந்த ஊர்ல மாக்கான் எப்படி சார்?" என்று சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்.

அந்த மண்ணை எப்படி வகை பிரிப்பது என்பதும் எனக்கு மனப்பாடம். சுண்ணாம்பு எத்தனை அடியில் தொடங்குகிறது, நூலா உருண்டையா கெட்டித் தரையா, எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். ஆசிட் விட்டால் காதை வைத்துக் கேட்டால்தான் சத்தம் கேட்கும் என்பது ஒரு தரம். குமிழி கண்ணுக்குத் தெரிந்தால் அடுத்த தரம். பொங்கி வழிந்தால் மேல் தரம்.

அன்று பொங்கி வழிந்தது. சார் தட்டின் மேல் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். அப்புறம் காதை வைத்தார். காதே தேவையில்லாத நுரை அது, ஆனாலும் வைத்தார்.

"கேளு பரமேஸ், கேளு! எத்தன வருஷமாச்சு இந்தச் சத்தம் கேட்டு!"

அவர் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. சந்தேகப்படத் தோன்றவும் இல்லை. அந்த பிளாக்கின் பின்னால் சுண்ணாம்புக் கல் மலை சுவர் மாதிரி நிற்கிறது. மண் எடுக்கப் போன அன்று தரை சாம்பல் வெள்ளையாக இருந்ததையும் நான் பார்த்தேன். மலையிலிருந்து கரைந்து வந்தது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

3. அவசரக் கடிதம்

பதினான்காம் பிளாக்கின் மரங்கள் கிழடு தட்டிவிட்டன. வெட்டிவிட்டுப் புது ரப்பர் நடுவதா, அல்லது பிளாக்கையே விற்றுவிடுவதா என்பது கோலாலம்பூரில் இருந்த கம்பெனி தலைமை ஆபீஸின் கேள்வி. பதிலை எங்களிடம் கேட்டிருந்தார்கள். அந்த வாரமே வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் ரப்பர் தேறாது. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் மஞ்சளாகிவிடும். அதனால் சார் அன்று மத்தியானமே கடிதம் எழுதினார். 'சுண்ணாம்பு மிகுந்த மண், ரப்பருக்கு ஏற்றதல்ல.' டைப் அடித்தது நான்தான். போனிலும் சொல்லிவிட்டார்.

இங்கேதான் பிழை நடந்தது. ஒவ்வொரு இடத்திலும் நாங்கள் இரண்டு சாம்பிள் எடுப்போம், மேல் ஆறு அங்குலம் ஒன்று, அதற்குக் கீழ் ஒரு அடி ஒன்று. இரண்டும் காய்ந்து, சோதித்து முடிந்த பிறகுதான் ரிப்போர்ட் போக வேண்டும். அது நவம்பர் மாதம். ஒரு வாரமாக வெயிலே இல்லை. காய வைக்கத் தட்டும் போதவில்லை. அதனால் மேல் மண்ணை முதலில் காய வைத்தேன். கீழ் மண் ஈரமாகப் பையிலேயே கிடந்தது.

"சார், கீழ் மண்ணு இன்னும் பாக்கல," என்று நான் சொன்னேன்.

"மேலயே இவ்வளவுன்னா கீழ கேக்கணுமா? பாறையா இருக்கும்லா," என்றார்.

நானும் தலையாட்டினேன்.

4. கீழ் மண்

அடுத்த செவ்வாய்க்கிழமை கீழ் மண் காய்ந்தது. சும்மா ஒப்புக்குத்தான் ஆசிட் விட்டேன். நுரைக்கவில்லை. காதை வைத்துக் கேட்டேன். கீழே சைக்கிள் கடையில் தட்டும் சத்தம்தான் கேட்டது. இருபதையும் பார்த்தேன். ஒன்றே ஒன்று, மலையடி ஓரத்து இருபதாம் நம்பர் மட்டும் நுரைத்தது. மற்ற பத்தொன்பதும் நாலரை பிஎச், சுத்தமான நம்மூர்ப் புளிப்பு மண்.

சாரிடம் தட்டோடு போனேன்.

"லேபிள் மாத்தி ஒட்டிட்டே," என்றார் தலை நிமிராமல்.

"இல்ல சார்."

"அப்ப வேற எஸ்டேட் மண்ணு கலந்திருக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. லேபிள் விஷயத்தில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. அவருடைய அலமாரியிலிருந்து அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து, அவர் நாளுக்கு நான்கு தடவை எங்களுக்குக் காட்டுகிற படத்தைத் திறந்து மேசையில் வைத்தேன்.

"உங்க புக்குல மேல கொஞ்சம் சுண்ணாம்பு, கீழ நெறைய. வறண்ட ஊர்லயே அப்படின்னா, இவ்வளவு மழ பேயுற நம்ம ஊர்ல மேல மட்டும் எப்படி சார் நிக்கும்? இது கீழருந்து வந்த சுண்ணாம்பு இல்ல. மேலருந்து வந்தது. யாரோ போட்டது."

சார் படத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பேனாவை வாயிலிருந்து எடுத்தார்.

"மண்ணுல யாரு பரமேஸ் சுண்ணாம்பு கொண்டு போய்ப் போடுவாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"நாளைக்குப் போயி கேட்டுட்டு வாரேன்."

5. ஒரு பால்டி சுண்ணாம்பு

மறுநாள் காலை தாஸ் அண்ணனோடு எஸ்டேட்டுக்குப் போனேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைத் தாண்டும்போது வாசலில் நின்றவர்கள் எல்லாரும் வேனை ஒரு மாதிரி பார்த்தார்கள். போன தடவை கை ஆட்டியவர்கள். இந்தத் தடவை ஒரு கையும் எழவில்லை.

பதினான்காம் பிளாக்குக்கு மண்டோர் ஆறுமுகம் அண்ணன். ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பி மேற்பார்வை பார்ப்பவர். போன தடவை அவர் எங்களைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். நேரமில்லை என்று நான் போய்விட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், நேரம் இருந்தது. நானும் எஸ்டேட்டில் பிறந்தவள்தான். பூட்ஸும் ஃபைலுமாக வந்த பிறகு, லயத்து வாசலில் உட்கார்ந்தால் நானும் அந்த ஆள்தான் என்று தெரிந்துவிடுமே என்று ஒரு கூச்சம். இருபத்து நாலு வயதுக் கொழுப்பு.

இந்தத் தடவை அவர் கூப்பிடவில்லை. அவர் மனைவி அஞ்சலை அக்கா ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீதான மண்ணு பாத்த பொண்ணு? எங்க மண்ணு ஆகாதுன்னு எழுதுனியாமே. திங்கக்கெழம பெரட்டுல தொரை எல்லாரையும் நிக்க வச்சி சொன்னாரு. பிளாக்க வித்துருவாங்களாம். முப்பது வீடு காலி பண்ணணுமாம். நாங்க எங்கம்மா போவோம்?"

பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடம். அங்கே ஆள் ஆளாக நிற்க வைத்து, நான் டைப் அடித்த வரியை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முகம் சுட்டது. அவமானம் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"சும்மா இரு புள்ள," என்று ஆறுமுகம் அண்ணன் மனைவியை அடக்கினார். "அவங்க வேலைய அவங்க செய்றாங்க. என்ன வேணும்மா?"

"அண்ணே, நான் வாரதுக்கு முந்தி அந்த எடத்துல யாராச்சும் சுண்ணாம்பு போட்டீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தன் வேலையை யாரோ கவனித்துவிட்டார்கள் என்ற மலர்ச்சி.

"நாந்தாம்மா போட்டேன்! நீங்கதான ஆபீஸுக்கு போன் போட்டு, இருவது எடமும் பளிச்சுன்னு தெரியணும், தேடிக்கிட்டு நிக்க முடியாதுன்னு சொன்னீங்க. அங்க கணக்கு எழுதுற கிராணி வந்து சொன்னாரு. வெறும் குச்சி நட்டா செடி கொடியில தெரியாதுலா. அதான் ஒவ்வொரு குச்சியச் சுத்தியும் எல தழையெல்லாம் பெருக்கி, ஸ்டோர்லருந்து சுண்ணாம்புக் கல்லுத் தூளு ஒரு பால்டி கொட்டி, வட்டமா மிதிச்சு வச்சேன். இருவது பால்டி. ஈப்போவுலருந்து ஆளுங்க வாராங்க, நம்ம பிளாக்கு சும்மா கெடக்கக் கூடாதுல்ல?"

"நான் வாரப்ப வட்டம் ஒண்ணும் தெரியலையே அண்ணே?"

"முந்தின ராத்திரி அடிச்சு ஊத்துச்சே மழ. எல்லாம் மண்ணோட போயிருச்சு. எனக்கு மனசே கேக்கல. காப்பி குடிக்கிறப்ப சொல்லலாம்னு இருந்தேன். நீங்க நிக்கலையே."

அந்த போனைப் போட்டது நான்தான். சின்ன வயதில் எங்கள் எஸ்டேட்டுக்குப் பெரிய தொரை வருகிறார் என்றால், பாதை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, வழி நெடுகத் தூள் தூவி வைப்போம். நானே டப்பாவைத் தூக்கிக்கொண்டு பிரஷால் அடித்திருக்கிறேன். எஸ்டேட்டில் மரியாதை என்றாலே வெள்ளை வெளேர்தான். அந்த மரியாதையை அவர் எனக்குச் செய்திருக்கிறார். அதை ஆகர் என்கிற மண் துளைக்கும் கருவியால் குடைந்து எடுத்துப் பையில் கட்டிக் கொண்டு போய், ஆசிட் விட்டு, அவர் வீட்டைக் காலி செய்யச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

அஞ்சலை அக்கா புரிந்துகொண்டார். கணவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இவரு போட்ட சுண்ணாம்புக்குத்தான் எங்கள தொரத்துறாங்களா?"

"இல்லக்கா. நான் கேக்காம போனதுக்கு," என்றேன். அழுகை வந்துவிட்டது. தாஸ் அண்ணன் வேனுக்குப் பின்னால் போய் டயரைப் பார்ப்பது போல நின்றுகொண்டார்.

அக்கா உள்ளே போய்க் காப்பி கொண்டு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்து குடித்தேன்.

அப்புறம் ஆறுமுகம் அண்ணனும் நானும் வேலையைத் தொடங்கினோம். ஒவ்வொரு குச்சியிலிருந்தும் இருபது தப்படி தள்ளி, புதிதாக மேல் மண், கீழ் மண். புட்டியையும் கையோடு கொண்டு போயிருந்தேன். அங்கேயே சொட்டு விட்டேன். நுரை இல்லை. அடுத்த இடம், இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் அண்ணன் ஒரு குச்சியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பத்தொன்பது குச்சி சேர்ந்தது. மலையடியில் நுரைத்த இருபதாவது மட்டும் நின்றது.

6. சாருக்குக் கிடைத்த மூலை

டேவிட் சார் எல்லாவற்றையும் கேட்டார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நுரைய பாத்ததும் நான் புத்திய விட்டுட்டேன் பரமேஸ்," என்றார். "நான் படிச்சது ஒரு ஊரு. நான் நிக்குறது ஒரு ஊரு."

உடனே போனை எடுத்துத் தலைமை ஆபீஸைக் கூப்பிட்டார். தப்பு எங்களுடையது, கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்றார். அந்தப் பக்கம் யாரோ நீண்ட நேரம் சத்தம் போட்டார்கள். எனக்கே கேட்டது. சார், "யெஸ், மை மிஸ்டேக்," என்று ஏழெட்டுத் தடவை சொன்னார். ஒரு தடவை கூட என் பெயரைச் சொல்லவில்லை. அவரை நான் ஆயிரம் கேலி செய்திருக்கிறேன், இப்போதும் செய்கிறேன். ஆனால் அந்த ஒரு போனுக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வெறும் போன் போதாது என்று தலைமை ஆபீஸ் சொன்னதால், அடுத்த நாள் சாரே எஸ்டேட்டுக்கு வந்தார். எஸ்டேட் தொரை முன்னிலையில் நான்கு குழி வெட்டச் சொன்னார். மூன்று குழியில் மேலிருந்து கீழ் வரை சிவப்பு மண், ஒரு சொட்டுக்கும் அசையவில்லை. நான்காவது குழி மலையடி மூலையில், இருபதாம் நம்பர் பக்கத்தில். சார் குழிக்குள் இறங்கினார். மேல் மண்ணில் சொட்டு விட்டார். லேசான சத்தம். ஒரு அடிக்குக் கீழே குமிழி. மூன்றடியில் பொங்கியது. அங்கே மலையிலிருந்து விழுந்த கல் மண்ணுக்குள் கரைந்துகொண்டே இருக்கிறது. எத்தனை மழை வந்தாலும் தீராத சுண்ணாம்பு.

"இது நெசம்!" என்று குழிக்குள்ளிருந்து கத்தினார். "இது யாரும் போட்டது இல்ல!"

வெள்ளைச் சட்டையில் சேறு. முகத்தில் சிரிப்பு. ஆறுமுகம் அண்ணன் என் காதருகே, "சாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளாத் தேடுன ஆளு கெடச்சிருச்சு அண்ணே," என்றேன்.

புது ரிப்போர்ட்டில், மலையடி மூலை இரண்டு ஏக்கர் நீங்கலாக மற்றதெல்லாம் ரப்பருக்கு ஏற்றது என்று எழுதினோம். இரண்டு வாரம் பதில் இல்லை. அந்த இரண்டு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு காலை எஸ்டேட் கிராணி போன் செய்தார். மறுநடவு உறுதி, வீடுகள் அப்படியே இருக்கும் என்றார். நான் கீழே ஓடிப் போய் தாஸ் அண்ணனிடம் சொன்னேன். அவர் சைக்கிள் கடைக்காரருக்கும் சேர்த்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

7. கடைசிக் கட்டம்

இதற்குப் பிறகு லேபில் இரண்டு மாற்றம் வந்தது. கீழ் மண் காயாமல் ஒரு வரி கூட வெளியே போகக் கூடாது என்பது சார் போட்ட சட்டம். இன்னொன்றை நான் போட்டேன். மண் எடுக்கும் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் சேர்த்து டைப் அடித்தேன். 'இந்த இடத்தில் சமீபத்தில் யார் என்ன செய்தார்கள்? யாரிடம் கேட்டீர்கள்?' புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் அதைக் காலியாக விட்டுக் கொடுத்தால், மண் பையோடு திருப்பி அனுப்பிவிடுவேன். பொல்லாத கிழவி என்று அவர்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அப்போது எனக்கு முப்பதுதான்.

எண்பதுகளின் நடுவில் உரக் கணக்குக்காக மறுபடி பதினான்காம் பிளாக்குக்குப் போனேன். புது மரங்களில் பால் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். மலையடி மூலையில் லயத்து ஆட்கள் பம்ளிமாஸ் நட்டிருந்தார்கள். பம்ளிமாஸுக்குப் பேர்போன தம்புன் பக்கத்துப் பழத்துக்கு இது குறைந்ததில்லை என்று அவர்கள் சொன்னார்கள். அஞ்சலை அக்கா இரண்டு பெரிய பழத்தை என் மடியில் வைத்தார்.

"ஆசிட்டு ஊத்திப் பாத்துட்டு சாப்புடு," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் வந்து அமர்ந்து, கடைசிக் கட்டத்தைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

"கேட்டா சொல்லப் போறோம். இதுக்கு அன்னிக்கு ஒரு காப்பி நேரம் போதும்லா," என்றார்.

அதற்குப் பிறகு எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் நான் ஆகரை வேனிலேயே விட்டுவிட்டு முதலில் காப்பி குடிக்கத்தான் உட்கார்ந்தேன்.